ஒரு மணி நேர பஸ் பயணம், எட்டு டிகிரி வித்தியாசம்: சேலத்திலும் ஏற்காட்டிலும் வீட்டுத் தோட்டம் தொடங்குகிறவர்களுக்கு

மே மாதக் கோடை விழாவுக்கு ஏற்காடு போய்விட்டு இறங்குகிறவர்களின் கையில் ஒரு நாற்றுப் பையாவது இருக்கும். மலர்க் கண்காட்சியைப் பார்த்த கண்ணுக்கு எதையாவது வாங்காமல் திரும்ப மனம் வராது. நானும் ஒரு வருடம் ஒரு நீல ஹைட்ராஞ்சியாவையும் ஆறு ஸ்ட்ராபெரி நாற்றுகளையும் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் இறங்கினேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி அடிவாரம் வந்தபோதே இலைகள் துவண்டிருந்தன. சேலத்தில், மலையடிவாரத்தை ஒட்டிய கன்னங்குறிச்சியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் வைத்தேன். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து ஊற்றிக்கொண்டே இருந்தேன். வெயிலில் இலை கருகியது, ஊற்றிய தண்ணீரில் வேர் அழுகியது. ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

அதே வருடம் ஆடியில், ஏற்காட்டில் குடியிருக்கும் என் அக்கா எங்கள் வீட்டு முருங்கையிலிருந்து ஒரு போத்து வெட்டிக்கொண்டு போய் நட்டார். அது சாகவில்லை. தழைத்தது, பூக்கவும் செய்தது. ஆனால் பூவெல்லாம் மூடுபனியில் கொட்டிவிடுகிறது. கீரைக்கு ஆகிறதே தவிர, சாம்பாருக்கு ஒரு காய் இன்னும் தரவில்லை.

இரண்டு வீடுகளுக்கும் நடுவே ஒரு மணி நேர பஸ் பயணம்தான். ஆனால் ஒரு செடிக்கு அது வேறு நாடு. இந்த இரண்டு வீட்டு மண்ணிலும் பல வருடம் கைவைத்த பிறகு எனக்குத் தெளிவானது ஒன்றுதான்: புதிதாகத் தொடங்குகிறவர்கள் பகல் வெயிலைப் பார்த்துச் செடி வாங்குகிறார்கள், பார்க்க வேண்டியது இரவுக் குளிரை. அதை எப்படிப் பார்ப்பது, பார்த்தபின் என்ன நடுவது என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் உயரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு ஊர் 1,500 மீட்டரை ஒட்டி இருக்கிறது. சேர்வராயன் கோயில் இருக்கும் முகடு 1,600 மீட்டரைத் தாண்டுகிறது. மேலே போகப்போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்த காற்று விரிகிறது, விரியும்போது குளிர்கிறது. சராசரியாக ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 0.6 டிகிரி செல்சியஸ் குறைகிறது என்று வைத்துக்கொண்டால், சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் இடையே ஏழெட்டு டிகிரி வித்தியாசம் வந்துவிடுகிறது.

உங்கள் வீட்டின் உயரத்தை அறிய கைபேசியில் உயரம் காட்டும் செயலி ஒன்று போதும். சமவெளியில் இருப்பவர்களுக்கு இன்னும் எளிய வழி உண்டு. ரயில் நிலையப் பெயர்ப் பலகையின் கீழே கடல் மட்டத்துக்கு மேல் எத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கும். மலையில் இருப்பவர்கள் மட்டும் ஊரின் உயரத்தைத் தங்கள் வீட்டு உயரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏற்காடு போகும் வழியில் நடுச்சரிவில் இருக்கும் வீடும், ஏரிக்கரையில் இருக்கும் வீடும் ஒரே பின்கோடில் இருக்கலாம். செடிக்கு அவை ஒன்றல்ல.

இங்கே மண்டலக் கணக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டை 7 வேளாண் காலநிலை மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். சேலம் வடமேற்கு மண்டலத்தில் வருகிறது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையோ நீலகிரி, கொல்லிமலை, பழனிமலை ஆகியவற்றோடு சேர்ந்து மலை மண்டலத்தில் வருகிறது. ஆனால் ஒரே மண்டலம் என்பதற்காக ஊட்டியில் விளைவதெல்லாம் ஏற்காட்டிலும் விளையும் என்று எண்ணிவிட வேண்டாம். ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர். ஏற்காட்டைவிட இன்னும் நான்கு டிகிரிக்கு மேல் குளிர். அங்கே உறைபனி விழுகிறது. இங்கே அந்த அளவுக்குக் குளிர் இறங்குவதில்லை. ஆப்பிள் போன்ற மரங்கள் துளிர்த்துப் பூக்க நீண்ட கடுங்குளிர் வேண்டும், அந்தக் குளிர் ஏற்காட்டில் கிடைக்காது. குறைந்த குளிரிலேயே காய்க்கும் பேரிக்காய் வகைகள் மட்டும் இங்கே வருகின்றன.

வெளிநாட்டு விதை உறைகளில் 'மண்டலம் 9', 'மண்டலம் 10' என்று போட்டிருப்பார்கள். அது அமெரிக்க வேளாண்மைத் துறை வகுத்த 13 மண்டலக் கணக்கு. ஆண்டின் மிகக் குளிரான இரவு எவ்வளவு தூரம் கீழே இறங்கும் என்பதை வைத்துப் போட்டது. குளிரில் செடி செத்துவிடும் ஊர்களுக்கு அது தேவையான கணக்கு. சேலத்தில் செடியைக் கொல்வது வெயில். அந்த எண்ணை வைத்து இங்கே எதையும் முடிவு செய்யாதீர்கள்.

இரண்டாவது, இரவை அளந்து எழுதுங்கள்

ஒரு நாளின் அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் சிறிய வெப்பமானி கடைகளில் கிடைக்கிறது. அதைச் செடி வைக்கப்போகும் இடத்திலேயே, நேர் வெயில் படாமல், இடுப்பு உயரத்தில் மாட்டுங்கள். காலையில் பல் துலக்குவதற்கு முன் போய்ப் பார்த்து, முந்தைய இரவின் குறைந்தபட்ச அளவை நாட்காட்டியிலேயே குறித்துவிடுங்கள். இரண்டு வாரம் எழுதினால் போதும், உங்கள் தோட்டம் எப்படிப்பட்டது என்று தெரிய ஆரம்பிக்கும். ஒரு வருடம் எழுதினால் எந்த விதைக் கடைக்காரரும் உங்களை ஏமாற்ற முடியாது.

இரவுக்கு ஏன் இத்தனை முக்கியம்? பகலில் இலை வெயிலை வாங்கி மாவுச்சத்தைச் சேர்க்கிறது. இரவில் செடி மூச்சு விடும்போது அந்தச் சேமிப்பிலிருந்து செலவழிக்கிறது. இரவு சூடாக இருந்தால் மூச்சு வேகமாகும், சேர்த்ததெல்லாம் கரைந்துவிடும். குளிர்ந்த இரவில் செலவு குறைவு. மிச்சம் கிழங்குக்கும் காய்க்கும் போகிறது. மலைக் காய்கறிகள் திரண்டும் இனிப்பாகவும் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

தக்காளியை எடுத்துக்கொள்ளுங்கள். இரவு 15 முதல் 20 டிகிரிக்குள் இருந்தால் பூவெல்லாம் பிஞ்சாகும். இரவு 24 டிகிரியைத் தாண்டினாலோ, பகல் 35ஐத் தாண்டினாலோ மகரந்தம் கெட்டு, பூக்கள் காம்போடு உதிர்ந்துவிடும். சேலத்தில் பங்குனி, சித்திரையில் இரண்டும் நடக்கின்றன. அப்போது உரம் போதவில்லை, பூச்சி அடித்துவிட்டது என்று எதையெதையோ தெளிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தச் செடிக்கு வேண்டியது மருந்தல்ல, குளிர்ந்த இரவு. கேரட்டும் அப்படித்தான். 15 முதல் 20 டிகிரியில் கிழங்கு நன்றாக நிறம் பிடிக்கிறது. வெப்பம் கூடினால் வெளிறி, குட்டையாகி, நடுவில் சக்கையாகிறது.

மறுபக்கமும் உண்டு. கறிவேப்பிலை இரவு 16 டிகிரிக்குக் கீழே போனால் புதுத் துளிர் விடுவதை நிறுத்திக்கொள்ளும். அக்கா வீட்டுக் கறிவேப்பிலை மார்கழியில் அப்படியே உறைந்ததுபோல நிற்கும். மஞ்சளாகி ஓரிரு இலை கொட்டும். பதறி உரம் வைக்க வேண்டியதில்லை. மாசியில் தானாகத் துளிர்க்கிறது. குண்டுமல்லியும் குளிர் மாதங்களில் மலையில் மொட்டு விடாது.

மூன்றாவது, உங்கள் வீடே ஒரு காலநிலை

ஊரின் வெப்பம் ஒன்று, உங்கள் மாடியின் வெப்பம் வேறு. இதை ஒதுக்கிவிட்டுப் படிக்காதீர்கள், சேலத்து மாடித் தோட்டங்களில் பாதி இங்கேதான் தோற்கின்றன. கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்து இரவெல்லாம் உமிழ்கிறது. ஊரில் இரவு 25 டிகிரி என்றால், மேற்குப் பார்த்த சுவருக்கு அருகே வைத்த பைக்குள் மண் அதைவிடச் சூடாகவே இருக்கும். கறுப்புப் பை என்றால் இன்னும் மோசம். வேர் வேகும்.

செலவில்லாமல் செய்யக்கூடியவை இவை. பைகளையும் தொட்டிகளையும் தளத்தில் நேரடியாக வைக்காமல் இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள், அடியில் காற்று ஓடட்டும். வெளிர் நிறப் பை வாங்குங்கள். முடிந்தால் சுட்ட மண் தொட்டி. அதன் சுவரில் கசியும் ஈரம் ஆவியாகும்போது மண்ணும் பானைத் தண்ணீர்போலக் குளிர்கிறது. மண்ணின் மேல் இரண்டு மூன்று விரல் தடிமனுக்குக் காய்ந்த இலை, கரும்புச் சோகை, தென்னை நார்க் கழிவு என எது கிடைக்கிறதோ அதை மூடாக்காகப் போடுங்கள். பங்குனி தொடக்கத்தில் 50 சதவீத நிழல்வலை கட்டி, முதல் நல்ல மழை விழுந்ததும் கழற்றிவிடுங்கள். வருடம் முழுவதும் கட்டிவைத்தால் கத்தரியும் வெண்டையும் வெளிச்சம் தேடி நெடுநெடுவென வளருமே தவிர காய்க்காது.

மலைக்கு அருகில் இருப்பவர்களுக்கு ஒரு கொடை உண்டு. இரவில் மலைச்சரிவில் குளிர்ந்த காற்று கனத்து, தண்ணீர் போலவே கீழ்நோக்கி வழிகிறது. கன்னங்குறிச்சியில் மூக்கனேரிப் பக்கம் இருக்கும் எங்களுக்கு விடியற்காலையில் அந்தக் காற்று கிடைக்கிறது. என் வெப்பமானி, நகரத்தின் நடுவில் இருக்கும் என் தோழி வீட்டு வெப்பமானியைவிடப் பல காலைகளில் ஒன்றிரண்டு டிகிரி குறைவாகவே காட்டும். மலை மேலேயோ இதே காற்று பள்ளங்களில் தேங்கி நிற்கும். அக்கா வீட்டில் மேட்டுப் பாத்தியில் உள்ள பீன்ஸுக்கும் பள்ளத்துப் பாத்தியில் உள்ள பீன்ஸுக்கும் வளர்ச்சியில் ஒரு வாரம் வித்தியாசம் இருக்கிறது. குளிர் பிடிக்காத செடியைப் பள்ளத்தில் நடாதீர்கள்.

மண்ணும் தண்ணீரும்

சேலத்துக்கு வெள்ளைக்கல் பூமி என்ற பெயர் சும்மா வரவில்லை. கருப்பூர்ப் பக்கம் வெட்டியெடுக்கும் மாக்னசைட் என்ற வெள்ளைக்கல்லும், பல இடங்களில் மண்ணில் கலந்துகிடக்கும் சுண்ணாம்பும் நிலத்தைக் காரத்தன்மைக்குத் தள்ளுகின்றன. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரும் பெரும்பாலும் உப்புத் தண்ணீர்தான். தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் படிவது அதுதான். இப்படிப்பட்ட மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேருக்குக் கிடைக்காது. ரோஜாவிலும் இட்லிப் பூச்செடியிலும் இளம் இலைகள் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அந்தக் குறைதான். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து, சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, மாலையில் இலைமேல் தெளித்தால் பச்சை திரும்பும். நிலைத்த தீர்வு மட்கிய எருவும் மழைநீரும். மாடியில் விழும் மழையை ஒரு தொட்டியிலாவது பிடித்து வையுங்கள்.

வீட்டிலேயே சோதிக்க ஒரு கைப்பிடி காய்ந்த மண்ணில் வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. சரியான அளவு தெரிய வேண்டுமானால் மண் பரிசோதனை செய்யுங்கள். சந்தியூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.

மலை மேல் கதை தலைகீழ். சேலத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,000 மில்லிமீட்டர் மழை என்றால், ஏற்காட்டில் அதைப்போல் ஒன்றரை மடங்கு பெய்கிறது. அத்தனை மழையும் சுண்ணாம்பையும் சத்தையும் கழுவிக்கொண்டு போய்விடுவதால் மண் புளிப்பேறியிருக்கிறது. காப்பிக்கும் மிளகுக்கும் அது ஏற்றதுதான். முட்டைக்கோசும் பட்டாணியும் நட வேண்டுமானால், மண் பரிசோதனை சொல்லும் அளவுக்குச் சுண்ணாம்புத் தூளோ டோலமைட்டோ கலக்க வேண்டும். ஹைட்ராஞ்சியாவைப் பார்த்தாலே மண் தெரியும். புளிப்பு மண்ணில் நீலமாகவும், கார மண்ணில் இளஞ்சிவப்பாகவும் பூக்கிறது. சரிவில் பாத்தி போடுகிறவர்கள் கீழ்நோக்கிப் போடாமல் சரிவுக்குக் குறுக்கே போட்டு, ஓரத்தில் கல் அடுக்குங்கள். ஒரே மழையில் மேல்மண் முழுவதும் அடுத்தவர் நிலத்துக்குப் போவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எங்கே எதை நடுவது

600 மீட்டரை ஒரு கோடாக வைத்துக்கொள்ளலாம். மாவும் தென்னையும் நன்றாகக் காய்ப்பது ஏறக்குறைய அந்த உயரம் வரைதான். மல்கோவாவையும் பெங்களூராவையும் ஊருக்கே பெயராக்கிய சேலத்து மாமரம், மேலே போனால் மரமாக வளரும், பூ மட்டும் பனியில் கருகும். கோட்டுக்குக் கீழே கத்தரி, வெண்டை, மிளகாய், கொத்தவரை, பாகல், பீர்க்கு, புடலை, முருங்கை, கறிவேப்பிலை, சின்ன வெங்காயம் ஆகியவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நடலாம். பூவுக்கு மல்லியும் அரளியும். பனமரத்துப்பட்டிப் பக்கம் ஏக்கர் கணக்கில் அரளி நிற்பதைப் பார்த்தாலே இந்த வெயிலுக்கு எது பொருந்தும் என்று தெரிந்துவிடும்.

600 முதல் 1,000 மீட்டர் வரை உள்ள நடுச்சரிவு எனக்கு மிகவும் பிடித்த இடம். பலா, கொய்யா, எலுமிச்சை, மிளகு, ரொபஸ்டா காப்பி என இரண்டு பக்கத்துச் செடிகளும் ஓரளவு அங்கே கலந்து நிற்கும். அதற்கு மேலே அராபிகா காப்பியின் ராஜ்ஜியம். சேர்வராயன் மலையில் காப்பி 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து இருக்கிறது. வீட்டில் நாலு காப்பிச் செடி வளர்க்க நினைத்தால் சில்வர் ஓக் நிழலில் நட்டு, அதே மரத்தில் மிளகுக் கொடியை ஏற்றிவிடுங்கள். ஆரஞ்சு, வெண்ணெய்ப்பழம், சௌசௌ, பீன்ஸ், கேரட், பீட்ரூட், முள்ளங்கி, முட்டைக்கோசு எல்லாம் அங்கே மகிழ்ச்சியாக வரும். இந்த மலையின் பழங்குடிகளான மலையாளி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சாமையும் ராகியும் விதைத்த நிலம் அது. எந்தச் சரிவில் எது நிற்கும் என்று அவர்களிடம் கேட்பது எந்த அட்டவணையையும்விட மேல்.

மலையில் எதிரி வெயிலல்ல, இலைமேல் தங்கும் ஈரம். மூடுபனி மாதங்களில் தக்காளியும் உருளையும் கருகல் நோயில் ஒரே வாரத்தில் போய்விடும். செடிகளுக்கு நடுவே தாராளமாக இடம் விடுங்கள், தரையைத் தொடும் இலைகளைக் கிள்ளிவிடுங்கள், காலையில் மட்டும் வேருக்கு நீர் ஊற்றுங்கள். நத்தையும் காட்டெருமையும் வேறு. வேலி போடாமல் வாழைக்கன்று வைக்காதீர்கள்.

பட்டம்

சேலத்தில் ஆடிப்பட்டம்தான் முதல் பட்டம். அதற்குப் பின் செப்டம்பர், அக்டோபரில் நல்ல மழை கிடைப்பதால் கத்தரி, வெண்டை, கொடி வகை எல்லாம் நிலைகொண்டுவிடும். பந்தல் அவரையை ஆடியிலேயே விதைத்துவிட வேண்டும். நாட்டு அவரை பகல் குறுகி இரவு நீளும்போதுதான் பூக்கும், கார்த்திகை மார்கழியில் கொத்துக் கொத்தாகத் தொங்கும். தையில் விதைத்துவிட்டுக் காய்க்கவில்லை என்று வருந்துவதில் பயனில்லை.

சேலத்து மாடியில் மலைக் காய்கறி வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கும் ஒரு வாசல் இருக்கிறது. புரட்டாசிக் கடைசியில் நாற்று விட்டு, ஐப்பசியில் நட்டு (முள்ளங்கி, பீட்ரூட் என்றால் நேரடியாக விதைத்து), தை முடிவதற்குள் அறுத்துவிட வேண்டும். கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில்தான் நம் இரவு 20 டிகிரியை ஒட்டி இறங்குகிறது. முள்ளங்கி, பீட்ரூட், முட்டைக்கோசு தேறும். காலிபிளவர் வாங்கும்போது வெப்பம் தாங்கும், சீக்கிரம் பூ கட்டும் ரகம்தானா என்று கேட்டு வாங்குங்கள். குளிர் ரகம் என்றால் இலையாகவே நின்றுவிடும். மலையில் இதே காய்களைக் கோடைமழை விழுந்த பிறகும் நடலாம், பெருமழை மாதங்களை மட்டும் தவிர்த்தால் போதும்.

மலையிலிருந்து செடி இறக்கும்போது

ஆசைப்பட்டு வாங்குவதைத் தடுக்க முடியாது என்று எனக்குத் தெரியும். அதனால் மே மாதத்தில் வாங்காதீர்கள், கார்த்திகையில் வாங்குங்கள். இறக்கிய செடியை முதல் வாரம் வீட்டின் வடக்குப் பக்க நிழலில் வையுங்கள். இரண்டாம் வாரம் காலை வெயிலில் ஒரு மணி நேரம், மூன்றாம் வாரம் இரண்டு மணி நேரம் என்று பழக்குங்கள். துவண்டால் உடனே தண்ணீர் ஊற்றாமல், மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் அது தாகமல்ல, சூடு. நிழலுக்கு மாற்றுங்கள். ஜெரானியமும் ரோஜாவும் இப்படிப் பழகிக்கொள்ளும். ஹைட்ராஞ்சியா மாசி வரை நின்று ஒரு முறை பூத்தால், அதோடு மகிழ்ந்து, பங்குனிக்கு முன் மலையில் உறவினர் வீடு இருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். என் இரண்டாவது ஹைட்ராஞ்சியாவை நான் அப்படித்தான் செய்தேன். அது இப்போது அக்கா வீட்டு வாசற்படிக்குப் பக்கத்தில், அவருடைய முருங்கைக்குக் கீழே, நீலமாகப் பூத்துக்கொண்டிருக்கிறது.